துண்டு போட்டா மட்டும் போதுமா?

எங்க மணலூர்பேட்டையில பஸ் வந்தா, ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போம். எம்பெடட் போர்டுலயும் அதே கதைதான் மக்களே. ரெண்டு ஈதர்நெட் போர்ட்ல ஒண்ணு லினக்ஸுக்கு; இன்னொண்ணு, நேரம் தவறாம ஓடவேண்டிய வேறொரு கோருக்கு.

டிவைஸ் ட்ரீயில 'டிஸேபிள்டு'ன்னு எழுதிட்டா முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். முடியலை. பூட் ஆகி முடியுற நேரத்துல, தன்கிட்ட யாரும் கேக்காத கிளாக்கை எல்லாம் லினக்ஸ் அணைச்சிடும். அந்த போர்ட்டோட கிளாக்கும் அதுல போனா, போர்ட் காலி.

டிவைஸ் ட்ரீ வரையறையில 'ரிசர்வ்டு'ன்னு தனிச்சொல்லே இருக்கு: வேலை செய்யுது, ஆனா வேறொருத்தர் கையில. ரெண்டு சொல்லுக்கும் லினக்ஸ் ஒதுங்கித்தான் போகும். ஆனா அடுத்து படிக்கிற இன்ஜினியருக்கு விஷயம் புரியும்.

என் கட்சி இதுதான்: 'ரிசர்வ்டு'ன்னு எழுதுங்க, கிளாக்கையும் சேர்த்துக் காப்பாத்துங்க. துண்டை ஓரமா தள்ளிட்டு உக்கார்றவங்க எல்லா ஊர்லயும் உண்டு!