வானவர் வீழ்ந்தனரா?

இறைவனுக்கும் மனிதனுக்குமிடையே செய்தி கொண்டு வருபவர் நம்பிக்கைக்குரியவராய் இருத்தல் வேண்டும். தூதர் துரோகம் செய்யக் கூடியவர் என்றால், அவர் கொணரும் தூதும் ஐயத்திற்குரியதாகி விடும். எனவே, மலக்குகள் பாவம் செய்வார்களா என்னும் வினா பொழுதுபோக்குக்கு எழுப்பும் வினா அன்று. வஹீயின் அடித்தளத்தையே தொடுகின்ற வினா அது.

1905-ஆம் ஆண்டில் செயின்ட் கிளேர் டிஸ்டால் என்னும் ஆங்கிலப் பாதிரியார் திருக்குர்ஆனின் மூலங்களை ஆராய்வதாகக் கூறி ஒரு நூல் வெளியிட்டார். ஹாரூத், மாரூத் பற்றிய திருமறை வசனம், வீழ்ந்த வானவர் பற்றிய யூதக் கதையிலிருந்தும் ஆர்மீனியப் பழங்கதையிலிருந்தும் எடுக்கப்பட்டது என்பது அவர் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. அக்குற்றச்சாட்டு இன்றும் வெவ்வேறு உருவங்களில் திரும்ப வந்து கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, வீழ்ந்த வானவர் உண்மையில் யார் வீட்டுப் பொருள் என்பதை நாம் ஆராய்வது கடமையாகிறது.

வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி வாதிடலாகாது என்பது திருமறை (29:46) நமக்கிட்ட கட்டளை. அவர்களுடைய நூலையும், அவர்களுடைய அறிஞர்களையுமே சாட்சிகளாக அழைப்போம்.

விடிவெள்ளியின் கதை

சாத்தான் முன்னர் பேரொளி படைத்த வானவனாய் இருந்தான், செருக்குற்று வீழ்ந்தான், அவன் பெயர் லூசிபர். இப்படித்தான் கிறித்தவ உலகில் பரவலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஏசாயா 14:12. தமிழ் விவிலியத்தைக் கையில் எடுத்து அவ்விடத்தைப் பாருங்கள். அங்கே லூசிபர் இல்லை. "விடிவெள்ளி" என்ற சொல்தான் இருக்கிறது. அவ்வதிகாரத்தின் நான்காம் வசனமோ, இது பாபிலோன் மன்னனைப் பற்றிய வாக்கு என்று வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. பதினாறாம் வசனத்தில், வீழ்ந்து கிடப்பவனைப் பார்ப்போர் அவனை "மனுஷன்" என்றே சுட்டுகின்றனர்.

பின், லூசிபர் எங்கிருந்து வந்தான்? ஜெரோம் தமது இலத்தீன் மொழிபெயர்ப்பில் விடிவெள்ளியைக் குறிக்க வழங்கிய சாதாரணச் சொல் அது. அதே சொல்லை அம்மொழிபெயர்ப்பு 2 பேதுரு 1:19-இல் விசுவாசிகளின் இதயத்தில் உதிக்கும் ஒளிக்கும் வழங்குகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 22:16-இலோ ஈசா (அலை) அவர்களே தம்மை விடிவெள்ளி என்று கூறிக்கொள்வதாக எழுதப்பட்டுள்ளது. ஒரு மன்னனின் செருக்கை ஏளனம் செய்த உவமை, காலப்போக்கில் ஒரு வானவனின் பெயராகிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் இவ்வசனத்தைச் சாத்தானுக்கு உரியதாக்குவது அறியாமை என்று கண்டித்தார். இதனை நாம் சொன்னால் பகைமை என்பர். கால்வின் சொன்னதை என்னென்பர்?

எசேக்கியேல் 28-ஆம் அதிகாரமும் இத்தகையதே. ஏதேன், கேருப் என்ற சொற்கள் அங்கே வருவது உண்மை. ஆனால் அவ்வதிகாரம் விளிப்பது தீரு நாட்டு ஆட்சியாளனை. நீ மனிதனே, கடவுள் அல்லன் என்று இரண்டாம் வசனமே அவனை இடித்துரைக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 12-இல் மிகாவேலுக்கும் வலுசர்ப்பத்துக்கும் வானில் போர் நிகழ்கிறதே என்பர். அப்போர், பெண் பெற்ற குழந்தை இறைவனிடம் எடுத்துக்கொள்ளப்பட்ட பின்னரே அங்கு கூறப்படுகிறது. ஆதம் (அலை) படைக்கப்படுவதற்கு முன் நடந்த நிகழ்ச்சியை இதில் எங்ஙனம் காண்பது? அது தரிசனம், அதில் கால வரிசை பார்க்கலாகாது என்று விடை கூறுவர். நன்று. கால வரிசை பார்க்கலாகாதெனில், அதிலிருந்து ஆதிகால வரலாற்றை எழுதுவதும் ஆகாதன்றோ?

சங்கிலியில் பூட்டப்பட்டோர்

வானவர் பாவம் செய்தனர் என்று ஐயத்திற்கிடமின்றிக் கூறும் இடங்கள் இரண்டு. 2 பேதுரு 2:4, யூதா 6. பாவம் செய்த தூதர்கள் இருளில் அடைக்கப்பட்டுத் தீர்ப்பு நாளுக்கென்று வைக்கப்பட்டுள்ளனர் என்று இவை கூறுகின்றன. பேதுருவின் நிருபத்தில் அச்சிறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், கிரேக்கப் புராணத்தில் டைட்டன்கள் அடைக்கப்பட்ட "டார்டரஸ்" என்னும் பாதாளத்தின் பெயரிலிருந்து பிறந்தது.

அவர்கள் செய்த பாவம் யாது? ஆதியாகமம் 6-இல் தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளை மணந்தனர் என்ற சுருக்கமான செய்தி உண்டு. சங்கிலியும் சிறையும் அங்கில்லை. அவை விரிவாகக் காணப்படுவது ஏனோக்கு நூலில். இருநூறு வானவர்கள் எர்மோன் மலையில் இறங்கி, சபதமிட்டு, மானிடப் பெண்களை மணந்தனர் என்பது அந்நூலின் கதை. யூதாவின் நிருபம் 14, 15 வசனங்களில் ஆதாமுக்கு ஏழாம் தலைமுறையினரான ஏனோக்கின் தீர்க்கதரிசனம் என்று இந்நூலின் வாசகத்தையே எடுத்தாள்கிறது.

இந்நூலை எத்தியோப்பியத் திருச்சபை வேதமாகப் போற்றுகிறது. ரோமானியத் திருச்சபையும் புராட்டஸ்டண்டுகளும் ஏற்பதில்லை. ஐரோப்பா இதனை மறந்தே போயிருந்தது. ஜேம்ஸ் புரூஸ் 1773-இல் எத்தியோப்பியாவிலிருந்து கையெழுத்துப் பிரதிகளைக் கொணர்ந்தார். 1821-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. கும்ரான் குகையில் கிடைத்த அரமேயத் துணுக்குகள் இதன் பழமையைக் காட்டின. பழமை வேறு, வேதமாதல் வேறு.

பவுலும் கிரேக்கக் கவிஞரை மேற்கோள் காட்டினாரே, அதனால் கவிதை வேதமாகி விட்டதா என்று கேட்பர். கவிஞரை மேற்கோள் காட்டுவதும், இன்னார் தீர்க்கதரிசனம் உரைத்தார் என்று சாட்சியம் கூறுவதும் ஒன்றாகுமா? ஏனோக்கு நூலை எடுத்தாண்டதனாலேயே யூதாவின் நிருபத்தைப் பலர் ஏற்க மறுத்தனர் என்று ஜெரோமே பதிவு செய்துள்ளார்.

அகஸ்டின் இவ்விடரை உணர்ந்தார். தேவகுமாரர் என்போர் வானவர் அல்லர், சேத்தின் வழி வந்த மனிதரே என்றார். வானவர் மணம் செய்வதில்லை என்று மத்தேயு 22:30 கூறுவதோடு இது பொருந்துகிறது. ஆயின் ஆதியாகமத்தில் பாவம் செய்தோர் மனிதர் என்றால், யூதா கூறும் வானவர் செய்த குற்றம் எந்த வேதத்தில் உள்ளது? வானவரே என்றால், மத்தேயுவின் வசனத்திற்கு என்ன விளக்கம்? இவ்விரண்டில் ஒன்றுக்கேனும் நேரிய விடை வேண்டும்.

பழி யாருக்கு?

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. ஏனோக்கு நூலில் ஆயுதம் செய்வதையும் ஒப்பனையையும் மனிதருக்குக் கற்பித்தவன் அசாசேல். பாவம் அனைத்தையும் அவன் கணக்கில் எழுதும்படி இறைவன் பணிக்கிறான். தீமை வானிலிருந்து இறங்கியதென்றால், மண்ணில் வாழும் மனிதன் மறுமையில் தன் செயலுக்குப் பதில் சொல்வது எவ்வாறு?

திருமறை இக்கதவை அடைத்து விடுகிறது. மலக்குகள் அல்லாஹ்வின் கட்டளைக்கு மாறு செய்யார் (66:6). அவனை முந்திப் பேசார் (21:27). இப்லீஸ் ஜின் இனத்தவன் (18:50). மலக்குகளுக்கிட்ட கட்டளையை அவன் மீறினான் என்பதால் அவனும் மலக்காயிருந்தான் என்று கருதியோர் நம்மிலும் இருந்தனர். ஆனால் அவன் இமைப்பொழுதும் மலக்காய் இருந்ததில்லை என்று ஹஸன் பஸரீ (ரஹ்) உறுதிபட உரைத்தார்கள். தீர்ப்பு நாளில் அந்த ஷைத்தானே எழுந்து, உங்கள் மீது எனக்கு அதிகாரம் இருக்கவில்லை, அழைத்தேன், வந்தீர்கள், உங்களையே பழித்துக் கொள்ளுங்கள் என்று கைகழுவி விடுவதைத் திருமறை (14:22) காட்டுகிறது. பழியை ஏற்றிச் செல்ல அங்கே எந்த வானவனும் இல்லை.

நம் வீட்டைப் பார்ப்போம்

டிஸ்டால் சுட்டிய வசனம் (2:102) என்ன கூறுகிறது? ஹாரூத், மாரூத் இருவரும் தாம் ஒரு சோதனையே, நிராகரித்து விடாதீர் என்று எச்சரித்த பின்னரே கற்பித்தனர் என்கிறது. அதில் காமம் இல்லை, அழகியொருத்தி இல்லை, அவள் வெள்ளி நட்சத்திரமாக மாறியதும் இல்லை. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? நம் தப்ஸீர் நூல்கள் சிலவற்றில் புகுந்த இஸ்ராயீலிய்யத்துகளிலிருந்து. இப்னு கதீர் இக்கதையின் அறிவிப்புகளை ஆராய்ந்து, அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து வந்ததன்று, கஅபுல் அஹ்பார் வழியாக வந்தது என்று காட்டினார். இமாம் ராஸீயும் இதனை மறுத்தார். திருமறை விலக்கிய கதையை நாமே மேடையேற்றிவிட்டு, பிறர் அதனை எடுத்துக்காட்டும்போது சினம் கொள்வதில் நியாயமில்லை. ஸுஹராவின் கதையைச் சுவைக்காகச் சொல்லும் சொற்பொழிவாளர்கள் அதனை இனியேனும் விட்டுவிட வேண்டும்.

கிறித்தவ அன்பர்களுக்கும் ஒரு சொல். அவரவர் பாவத்தை அவரவரே சுமப்பர் என்று எசேக்கியேல் 18 தெளிவாகக் கூறுகிறது. அந்த அதிகாரத்தை ஏனோக்கின் வானவரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படியுங்கள். நேர்மையாகப் படிப்போர்க்கு, எது இறைநீதிக்கு இசைவது என்பது விளங்காமற் போகாது. நேர்வழி காட்டுபவன் அல்லாஹ் ஒருவனே.