மிருக வைத்தியக் கல்வியும் மாணவர் கழகங்களும்: ஒரு விமர்சன நோக்கு

மிருக வைத்தியம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் மாணவர் கழகங்கள் பல இயங்குகின்றன. வாழைப்பழத் தோலிலும் பன்றித் தோலிலும் தையலிடப் பழக்குவது ஒரு கழகம். பண்ணைக்கு அழைத்துச் சென்று மாட்டைக் கட்டவும் படுக்கவைக்கவும் பழக்குவது இன்னொன்று. வனவிலங்குகளில் ஈடுபாடுடையோருக்கு வேறொன்று. விசர்நாய்த் தடுப்பூசி முகாம்களை நடத்துவனவும் உள. 1951 ஆம் ஆண்டிலேயே இம்மாணவருக்கெனச் சர்வதேசச் சங்கமொன்றும் தோன்றிவிட்டது.

இக்கழகங்கள் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. இவை வெறும் பொழுதுபோக்கு, பரீட்சைக்குப் படிக்க வேண்டியவர் இவற்றிற் காலத்தைக் கழிக்கலாகாது என்பது ஒன்று. இவை இருக்கும்வரை செயன்முறைப் பயிற்சிக்குக் குறைவில்லை என்பது மற்றையது. முதலாவது கருத்தை மறுப்பது எளிது. இரண்டாவது கழகங்களைப் புகழ்வதுபோலத் தோன்றுவதனால் அதன் தீங்கு எளிதிற் புலப்படுவதில்லை.

முதலாவது கருத்துக்கு வரலாறே விடை கூறும். ஐரோப்பாவின் முதல் மிருக வைத்தியப் பாடசாலை 1762 ஆம் ஆண்டிற் பிரான்சின் லியோன் நகரிற் குளோட் பூர்ஜெலாவினால் திறக்கப்பெற்றது. மாட்டுக் கொள்ளைநோய் அக்காலத்து ஐரோப்பியக் கிராமங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. உழவுக்கும் உரத்துக்கும் பாலுக்கும் மாட்டை நம்பியிருந்த குடியானவன் மாட்டோடு தன் வாழ்வையும் இழந்தான். அத்தேவையே அப்பாடசாலையைப் பிறப்பித்தது. படிப்பு முடியும்வரை காத்திராது மாணவர்கள் நோய் பரவிய கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அதே கொள்ளைநோய் 1987 ஆம் ஆண்டில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மீண்டும் தலைகாட்டி, 1994 வரை நீடித்தது. 2011 ஆம் ஆண்டில் அது உலகினின்றும் ஒழிக்கப்பட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பட்டிதோறும் சென்று ஊசியேற்றிய கைகளின்றி அவ்வெற்றி கைகூடியிராது. கைப்பழக்கத்தைப் பொழுதுபோக்கு என்போர் இத்துறையின் பிறப்பையே அறியாதவராவர்.

இரண்டாவது கருத்தே ஆழ்ந்து நோக்கற்பாலது. பசு சினைப்பட்டுள்ளதா என அறியும் முறையை எடுத்துக்கொள்வோம். தோள்வரை நீளும் கையுறை அணிந்து, மலக்குடல் வழியே கையைச் செலுத்தி, அதன் சுவருக்கூடாகக் கருப்பையைத் தொட்டறிதல் வேண்டும். மாணவனின் விரல் எதனைத் தொடுகின்றது என்பதை அருகில் நிற்கும் ஆசிரியர் காண முடியாது. ஆசிரியர் தொட்டுணர்ந்ததை மாணவனும் காண முடியாது. இத்தடையை நீக்கும்பொருட்டே பிரித்தானியாவிற் சாரா பெய்லி என்பவர், தொடுகையுணர்வைத் தரும் கணினிப் பசுவொன்றை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். இத்திறன் ஓரிரு நாட் பயிற்சியால் வாய்ப்பதன்று. பலமுறை தொட்டுத் தொட்டே பழக வேண்டும்.

பழகாத கை தவறுமாயின் நட்டமடைபவர் யார்? சினையற்ற பசுவைச் சினையெனக் கூறினால், 21 நாட்களுக்கொருமுறை வரும் பருவங்கள் வீணே கழிய, அதனை வளர்ப்பவர் மாதக்கணக்கிற் பயனின்றித் தீனி போடுவார். சினைப்பசுவைச் சினையற்றதெனக் கூறினாலோ அது இறைச்சிக்கு விற்கப்பட்டும் விடலாம். ஒரேயொரு பசுவின் பாலை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு இது சிறு தவறன்று.

இத்தகைய திறனை விரும்பியோர் மட்டும் பெற்றுக்கொள்ளலாம் என விட்டுவிடுவது எவ்வகையில் நியாயமாகும்? கழகத்திற் சேர்வது அவரவர் விருப்பம் என்பர். உண்மையில் அது அவரவர் வசதியுமாகும். சந்தாப் பணமும் பயணச் செலவும் வார இறுதி ஓய்வும் எல்லா மாணவருக்கும் ஒரே அளவிற் கிட்டுவனவல்ல. வார இறுதியிற் பிரத்தியேக வகுப்பு நடத்தித் தன் செலவைப் பார்த்துக்கொள்ளும் மாணவன் பண்ணைப் பயணத்திற் கலந்துகொள்ள இயலாது. இருபது பேர் சூழ்ந்து நிற்கும் ஒரு பசுவிடத்தில் முன்வரிசையினரின் கைகளே பழகும். கூச்சமுடையவர் பின்வரிசையில் நின்று குறிப்பெடுப்பர். ஆயினும் ஈற்றில் அனைவருக்கும் கிடைப்பது ஒரே பட்டமே.

பிரித்தானியாவில், பண்ணைகளில் 12 கிழமைகளும் தொழில்புரியும் வைத்தியர்களிடத்தில் 26 கிழமைகளுமாக மொத்தம் 38 கிழமைப் பயிற்சி, பல ஆண்டுகளாகப் பட்டத்துக்குரிய நிபந்தனையாக விதிக்கப்பட்டிருந்தது. அது மாணவரின் ஆர்வத்துக்கு விடப்படவில்லை. கழகங்கள் உள்ளனவே எனக் காட்டித் தம் கடமையைச் சுருக்கிக்கொள்ளும் கல்வியாளர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பாடத்திட்டத்தின் ஓட்டையைக் கழகம் அடைக்கும்போது ஓட்டை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மறைந்ததைச் செப்பனிட எவரும் முன்வரார்.

கழகத்தினரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். நாய்களுள் 70 வீதமானவற்றுக்கேனும் தடுப்பூசி ஏற்றப்படல் வேண்டும் என்பது விசர்நோய்க் கட்டுப்பாட்டில் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் இலக்காகும். ஆண்டுக்கொருநாள் வந்து, எளிதிற் பிடிபடும் வீட்டுநாய்களுக்கு ஊசியேற்றி, பதாகையின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பும் முகாம் அவ்விலக்கை அணுகவும் மாட்டாது. கருத்தடை செய்யப்பட்ட நாயின் தையல் பிரிந்ததா, புண் ஆறியதா எனப் பத்து நாட்களின் பின் சென்று பார்ப்போர் எத்தனை பேர்? ஏழையின் பிராணி மாணவரின் பயிற்சிக் கொப்பியன்று. மாதிரியுருவிலும் இறந்த உடலிலும் பழகிய பின்னரே, ஆசிரியரின் நேரடி மேற்பார்வையில், உயிருள்ள பிராணியின்மீது கைவைத்தல் தகும்.

அங்ஙனமாயின் கழகங்களுக்கு உரிய பணிதான் யாது? அடிப்படைத் திறன்களைப் பாடத்திட்டம் பொறுப்பேற்றுக்கொண்டபின், பாடத்திட்டத்தாற் செய்யவியலாத பணியொன்று அவற்றுக்காக எஞ்சி நிற்கும். இந்நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் வழங்குவது பேராதனையில் 1980 ஆம் ஆண்டிலே தனிப்பீடமாக அமைந்த ஒரேயொரு பீடமே. அங்கு கற்பித்தல் ஆங்கிலத்தில் நிகழ்கிறது. ஆனால் மட்டக்களப்பின் பட்டிக்காரரும் வன்னியின் விவசாயியும் மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் தம் மாட்டின் நோயைத் தமிழிலேயே கூறுவர். "மாடு இன்னும் இளங்கொடி போடவில்லை" என ஒரு தாய் பதறி வந்து சொல்லும்போது, நஞ்சுக்கொடி தங்கிவிட்டமை பற்றி ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதவல்ல பட்டதாரி அச்சொல்லையே விளங்காது நிற்பாராயின் அவர் கற்றதன் பயன் என்ன? கிடாரி, நாம்பன், மடிவீக்கம் என விரியும் சொற்களில் ஒரு சமூகத்தின் பல தலைமுறை அவதானிப்பு அடங்கியுள்ளது. அவற்றைப் பட்டிகளிலும் தொழுவங்களிலும் நேரிற் கேட்டுத் தொகுக்கும் பணி, மிருக வைத்திய மாணவர் கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் இணைந்து ஆற்ற வேண்டியதாகும். சிங்களக் கிராமத்துச் சொற்களையும் இவ்வாறே தொகுத்தல் வேண்டும். அங்குள்ள மாட்டுக்காரரின் நிலையும் இதுவே.

ஆகவே பின்வருவன கோரப்படல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் எத்தனை பசுக்களைத் தொட்டறிந்தார், எத்தனை தையலிட்டார், எத்தனை நாய்களைத் தானே பிடித்து ஊசியேற்றினார் என்பன பதியப்பட்டு, அப்பதிவேடு நிறைவுறாத இடத்துப் பட்டம் வழங்கப்படலாகாது. அதற்கான பயணச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்றல் வேண்டும். முகாம் நடத்தும் கழகம், அம்முகாமிற் சிகிச்சை பெற்ற பிராணிகளை மீண்டும் பார்வையிடும் நாளையும் முன்னரே அறிவித்தல் வேண்டும். இவற்றுக்கு நிதியில்லை, நேரமில்லை என்ற மறுமொழி வரக்கூடும். நிதியும் நேரமும் இல்லாமையின் விலையை இன்று செலுத்துபவர் பல்கலைக்கழகத்தார் அல்லர். பால் வற்றிய பசுவை அவிழ்த்து விற்கும் குடும்பத்தினரே. அவர்களது வரிப்பணமும் சேர்ந்தே இவ்விலவசக் கல்வியைத் தாங்குகின்றது என்பதை மாணவரும் விரிவுரையாளரும் மறத்தலாகாது.