கிளப்பில் சேருமுன் நிலத்தைப் பாருங்கள்

பெங்களூரிலிருந்து சிங்கப்பூருக்கு உத்தியோகம் மாறிப் போகும் தமிழர்கள் பலர். வங்கி, கப்பல் கம்பெனி, கம்ப்யூட்டர் நிறுவனம் என்று போகிற இவர்களில் சிலர் இங்கே இருக்கும்போதே கோல்ப் ஆடப் பழகியவர்கள். 1876ல் தொடங்கிய பெங்களூர் கோல்ப் கிளப்பின் புல்தரையில் விடியற்காலையில் நடந்த சுகத்தை அவர்கள் எளிதில் மறப்பதில்லை. போன இடத்தில் வீடு அமைந்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்துவிட்டால், அடுத்தபடியாக எழும் கேள்வி இது: எந்தக் கிளப்பில் சேருவது?

இது வசதி படைத்தவர்களின் கவலை, சாமானியனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். போகிறவர்கள் எல்லோரும் பரம்பரைப் பணக்காரர்கள் அல்லர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மாதச் சம்பளக் குடும்பத்தில் பிறந்து, படிப்பால் முன்னேறியவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் சம்பாத்தியத்தில் ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்குப் பங்கு உண்டு. தங்கை கல்யாணத்துக்கும் பங்கு உண்டு. கிளப்புக்காகக் கைமாறும் தொகையோ பல லட்சம் ரூபாய். ஆகவே இது விளையாட்டு விஷயம் மட்டுமல்ல, குடும்ப விஷயமும்கூட.

சிங்கப்பூரில் பல கிளப்புகளின் அங்கத்தினர் உரிமை, விலைக்கு வாங்கிப் பிறகு விற்கக் கூடியது. இதற்கென்றே தரகர்கள் இருக்கிறார்கள். விலையைத் தவிர, பெயர் மாற்றக் கட்டணம் தனி; மாதச் சந்தா தனி. வெளிநாட்டவரிடம் பெயர் மாற்றக் கட்டணத்தை அதிகமாக வசூலிக்கும் கிளப்பும் உண்டு. "இப்போது வாங்கிப் போடுங்கள், ஊர் திரும்பும்போது விற்றுவிடலாம், ஆடினது லாபம்" என்பது வழக்கமான பேச்சு. கேட்பதற்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் விற்கும் நாளில் மைதானம் இருக்குமா என்பதல்லவா முதல் கேள்வி?

அந்த நாட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர்தான். அதில் சுமார் 1,500 ஹெக்டேர், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு, கோல்ப் மைதானங்களிடம் இருப்பதாக 2014ல் அரசாங்கம் கணக்குச் சொன்னது. கிளப்புகளுக்கு நிலம் சொந்தமல்ல. அரசாங்கத்திடமிருந்து பெற்ற குத்தகை. குத்தகை எல்லோருக்கும் புதுப்பிக்கப்படாது என்பதும் அந்த ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது.

பின்னர் நடந்ததும் அதுதான். 1904ல் பிறந்த கெப்பல் கிளப், 2021 இறுதியில் குத்தகை முடிந்து தன் பழைய மைதானத்தை விட்டு வேறிடம் போயிற்று. அந்த நிலம் குடியிருப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. பொதுமக்கள் கட்டணம் செலுத்தி ஆடிவந்த மரினா பே மைதானம் 2024ல் மூடப்பட்டது.

இன்னும் இரண்டு கிளப்புகளின் கதை வேறு. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதிவேக ரயில் விடத் திட்டமிட்டார்கள். ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தை எடுப்பதாக 2015ல் அறிவிப்பு வந்தது. மறு ஆண்டே நிலம் கைமாறிற்று. ராபிள்ஸ் கன்ட்ரி கிளப்புக்கு 2017ல் அறிவிப்பு. 2018ல் அதுவும் போயிற்று. இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ரயில் ஒப்பந்தமோ 2020 டிசம்பர் 31ந் தேதியோடு காலாவதியாகிவிட்டது. ரயிலுக்காக மைதானம் போயிற்று. ரயிலும் வரவில்லை.

இதற்காக அரசாங்கத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. நிலம் சுருங்கிய நாட்டில் சிலர் பந்தடிக்கும் இடத்தைவிடப் பலர் குடியிருக்கும் வீடு முக்கியம். நஷ்டஈடும் சட்டப்படி உண்டு. குறையெல்லாம் குத்தகைக் கெடுவைப் பார்க்காமல், கிளப் கட்டடத்தின் பளபளப்பை மட்டும் பார்த்துச் செக் எழுதுகிறவரிடம்தான். இன்றைக்கு இருக்கும் கிளப்புகள் பலவற்றின் குத்தகை 2030க்கும் 2040க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் முடிகிறது. கெடு நெருங்க நெருங்க உரிமையின் விலை என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம்.

கெடு கிளப்புக்கு மட்டுமல்ல, போகிறவருக்கும் உண்டு. அவர் கையில் இருக்கும் அனுமதி, வேலையோடு ஒட்டியது. வேலை போனால், வேறு வேலை கிடைக்காத பட்சத்தில் சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அவசரத்தில் விற்கிறவனுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

பெரிய கிளப்பில் சேர்ந்தால் பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும் என்ற ஆசையும் சிலருக்கு உண்டு. 1891ல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ப் கிளப் வெள்ளையர்களின் கோட்டையாக இருந்தது. அங்கே இடம் கிடைக்காத ஆசியர்களும் சேரும்படி, எல்லா இனத்தாருக்கும் பொதுவாக 1920களில் ஐலண்ட் கிளப் எழுந்தது. 1963ல் இரண்டும் ஒன்றாகி சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆயின. தோலின் நிறம் பார்த்த காலம் மலையேறிவிட்டது. இன்று பணத்தைப் பார்க்கிறார்கள். பணத்தால் வாசலைத் திறக்கலாம். சிநேகிதத்தை வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட ஆட நாலு பேர் கிடைக்காவிட்டால், எத்தனை பெரிய கிளப்பாக இருந்தும் பயன் என்ன?

ஆகவே போகிறவர்கள் முதல் வருஷம் எந்த உரிமையும் விலைக்கு வாங்காமலிருப்பதே புத்திசாலித்தனம். விருந்தாளியாக நாலு கிளப்புகளுக்குப் போய்ப் பார்க்கலாம். வெளியார் கட்டணம் கட்டி ஆடக்கூடிய இடங்களும் உண்டு. பாலத்தைக் கடந்து ஜோகூருக்குப் போய் ஆடி வருகிறவர்களும் ஏராளம். இங்கேயுள்ள ஹாண்டிகாப் சான்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. 2020 முதல் உலகமெங்கும் ஒரே முறை வந்திருப்பதால் அது அங்கேயும் மதிக்கப்படும். அது இல்லாதவர்கள் ஆட்ட விதிகளிலும் ஆட்டத்திலும் தேர்வு எழுதித் தேர்ச்சிச் சான்று பெறவேண்டியிருக்கும்.

பிறகும் சேர விரும்பினால், சில ஆண்டுகளுக்கு மட்டும் சந்தா கட்டும் தவணை அங்கத்தினர் முறை இருக்கிறதா என்று விசாரிக்கவேண்டும். வீட்டிலிருந்து எத்தனை தூரம், மனைவி மக்கள் போய் வர அங்கே என்ன இருக்கிறது என்று மனைவியையும் கூட அழைத்துப்போய்ப் பார்க்கவேண்டும். பல இடங்களில் இங்கே போலப் பையைத் தூக்கிக் கூடவே நடக்கும் கேடி கிடையாது; பேட்டரி வண்டிதான். நடக்க ஆசைப்படுகிறவர் அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை ஆண்டு அங்கே இருப்போம் என்பது கம்பெனியின் கையில். மைதானம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பது அரசாங்கத்தின் கையில். செக்கில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது மட்டுமே நம்மவர் கையில் இருக்கிறது. அதையாவது நிதானமாகச் செய்யவேண்டாமா?