வறிய அணி வாகை சூடும் வழி

பொருள் படைத்தவன் பொருளைக் கொண்டு போட்டியிடுவான். பொருள் இல்லாதவன் எதனைக் கொண்டு போட்டியிடுவான்? இவ்வினா வாணிகத்துக்கு மட்டும் உரியதன்று, விளையாட்டுக்கும் உரியது. ஐக்கிய அமெரிக்காவிலே பேஸ்போல் என்னும் ஆட்டத்தின் வரலாறு இதற்கு நல்லதொரு விடையைத் தருகின்றது. நம் மாணவர் அவ்வாட்டத்தை ஆடுவது அரிது. எனினும், எல்லே ஆடிப் பழகியவர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். எறியப்படும் பந்தை அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடி, புறப்பட்ட இடத்தை மீண்டும் அடைபவன் தன் அணிக்கு ஓர் ஓட்டத்தைத் தேடித் தருகின்றான்.

அந்நாட்டின் தலையாய பேஸ்போற் சங்கத்திலே 30 அணிகள் உள. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. ஆயினும், அணிகளின் வருவாய் ஒத்ததன்று. நியூயோர்க் மாநகரும் அதன் அயலும் ஏறக்குறைய இரண்டு கோடி மக்களைக் கொண்டவை. கன்சாஸ் சிற்றியும் அதன் அயலுமோ இருபது இலட்சத்தைச் சற்றே கடந்தவை. பார்வையாளர் பெருகும் இடத்திலே தொலைக்காட்சி வருவாயும் பெருகும். ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உறுதியான உச்ச வரம்பும் அங்கு இல்லை. ஆதலால், 2023 ஆம் ஆண்டு டிசெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி ஷோஹெய் ஒற்றானி என்னும் ஒரே ஆட்டக்காரருக்குப் பத்தாண்டுகளுக்கு 70 கோடி டொலர் தர உடன்பட்டது. ஏலத்திலே இத்தகையோருடன் எதிர்நின்று வெல்லுதல் சிற்றணிக்கு இயலாத காரியம்.

ஆனால், இரண்டு விதிகள் வறியோர்க்குத் துணை நிற்கின்றன. 1965 ஆம் ஆண்டு முதல், கல்வி நிலையங்களிலிருந்து வரும் இளைஞரைத் தெரிவதிலே பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை அளிக்கப்பட்டு வருகின்றது. முதன்மைச் சங்கத்திலே ஆறாண்டுச் சேவையை நிறைவு செய்யும்வரை ஓர் ஆட்டக்காரன் தான் விரும்பிய அணிக்கு விலைபேசிச் செல்லவும் இயலாது. ஆகவே, சிற்றணிக்கு உரிய வழி ஆட்டக்காரரை விலைக்கு வாங்குதலன்று, வளர்த்தெடுத்தலேயாம்.

இவ்வழியைக் கன்சாஸ் சிற்றி றோயல்ஸ் அணியின் வரலாறு நன்கு காட்டும். 1969 இல் ஆடத் தொடங்கிய அவ்வணியின் உரிமையாளர் ஏவிங் கோப்மன், 1970 இலே புளோரிடா மாநிலத்துச் சரசோட்டாவில் ஒரு பயிற்சிக் கழகத்தை நிறுவினார். பேஸ்போலிலே பெயர் பெறாத, ஆனால் ஓட்டமும் உடல் விரைவும் வாய்ந்த இளைஞரைத் தேடிச் சேர்த்து, ஆட்டத்தோடு கல்லூரிக் கல்வியையும் அவர்க்கு அளித்தார். பிராங் வைற் என்னும் இளைஞர் அங்கு பயின்றவர். அவர் பயின்ற பள்ளியிலே பேஸ்போல் அணியே இருக்கவில்லை. றோயல்ஸ் அணியின் புதிய அரங்கைக் கட்டும் வேலையிலும் அவர் கூலியாளாய் உழைத்தார். அவரே பின்னர் அவ்வரங்கில் ஆடி, களத்தடுப்புக்குரிய தங்கக் கையுறைப் பரிசை எட்டு முறை வென்று, 1985 ஆம் ஆண்டு உலகத் தொடரிலே வாகை சூடிய அணியிலும் இடம்பெற்றார். செலவு மிகுதியென்று அக்கழகம் 1974 இல் மூடப்பட்டமை வருந்தத்தக்கது.

1985 இன் வெற்றிக்குப் பின் றோயல்ஸ் அணி தாழ்ந்தது. 2014 வரை ஒருமுறையேனும் இறுதிச் சுற்றுகளுக்கு அது தகுதி பெறவில்லை. 2004, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தோல்விகளைக் கண்டது. அந்நிலையிலே, 2006 இல் டேற்றன் மூர் முகாமையாளராய்ப் பொறுப்பேற்றார். அவர் பெரும்பெயர் பெற்றோரைத் தேடி அலையவில்லை, நாற்றுமேடையைச் செப்பனிட்டார். அவ்வாண்டிலேயே வெனிசுவேலா நாட்டிலிருந்து சல்வடோர் பெரெஸ் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் சேர்க்கப்பட்டான். மைக் மூஸ்ராக்கஸ் 2007 இலும், எரிக் ஹொஸ்மர் 2008 இலும் தெரிவு செய்யப்பட்டனர். 2010 இலே சிறந்த பந்தெறிவோராகிய சாக் கிறெயின்கியை மில்வோக்கி அணிக்குக் கொடுத்து, லொறென்சோ கெயின், அல்சிடெஸ் எஸ்கோபார் முதலிய இளைஞரைப் பெற்றார். பனங்கொட்டையை நட்டவன் மறுமாரிக்கு நுங்கு கேளான். மூர் எட்டாண்டு பொறுத்திருந்தார். நகரமும் உடன் பொறுத்திருந்தது.

வளர்த்தல் மட்டும் போதாது. பிறர் மதியாத திறமையை மதிக்கவும் அறிதல் வேண்டும். நெடுந்தூரம் பந்தை அடிப்போர்க்கே சந்தையில் விலை அதிகம். றோயல்ஸ் அணியின் அரங்கோ மிகப் பரந்தது. அங்கு அத்தகைய அடி எளிதன்று. ஆகையால், விரைந்தோடிப் பந்தைத் தடுப்போரையும், பந்தைத் தவறவிடாது தொட்டு அடிப்போரையும் அவ்வணி திரட்டியது. ஆட்டத்தின் பிற்கூற்றிலே மட்டும் வந்து பந்தெறியும் வல்லார் மூவரையும் ஒருங்கு சேர்த்தது. தலைசிறந்த தொடக்கப் பந்தெறிவோர் ஐவரை அமர்த்துதற்கு ஆகும் செலவிலும் இதற்காகும் செலவு குறைவு.

பயன் 2014 இல் விளைந்தது. செப்ரெம்பர் 30 ஆம் நாள் ஒக்லண்ட் அணியுடன் நிகழ்ந்த ஒற்றை ஆட்டத்திலே, எட்டாவது இனிங்ஸில் 7-3 எனப் பின்தங்கியிருந்தும், பன்னிரண்டாவது இனிங்ஸில் 9-8 என றோயல்ஸ் வென்றது. வெற்றி அடியை அடித்தவர் பெரெஸ். அவ்வாண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவ்வணி தோற்றது. மறுவருடம் நியூயோர்க் மெற்ஸ் அணியை வென்று முப்பதாண்டுத் தாகத்தைத் தீர்த்தது. அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் பெரெஸே. ஈண்டு ஒன்றை மறத்தல் ஆகாது. கனி பழுக்கும் காலம் வந்தபோது நிருவாகம் கையை மூடவில்லை. 2015 யூலையிலே ஜொனி குவெற்றோ, பென் சோப்றிஸ்ற் ஆகிய இருவரையும், தான் வளர்த்த இளைஞர் சிலரை ஈந்து பெற்றது.

இனி, ஒக்லண்ட் அணியை நோக்குவாம். 2002 இல் அவ்வணி ஏறக்குறைய 4 கோடி டொலர் சம்பளச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. அதன் மும்மடங்குக்கு மேல் செலவிட்ட நியூயோர்க் யாங்கிஸ் அணி வென்றதும் 103 ஆட்டங்களே. தீய பந்துகளை அடியாது விட்டு முதற்றளத்தை அடையும் பொறுமையாளரின் பெறுமதியை, முகாமையாளர் பில்லி பீன் கணக்கினால் அறிந்திருந்தார். அவ்வறிவு போற்றத்தக்கதே. ஆனால், சிக்கனம் உபாயமாய் இருந்த நிலை மாறி அதுவே குறிக்கோளாயிற்று. வளர்ந்த ஆட்டக்காரர் விலை ஏறியவுடன் விற்கப்பட்டனர். 2023 இல் அவ்வணி 112 ஆட்டங்களில் தோற்றது. 1968 முதல் ஆடிய ஒக்லண்ட் நகரை விட்டு, லாஸ் வேகாசிற் குடியேறும் நோக்குடன் 2024 இன் முடிவில் அது வெளியேறியது. அரங்குப் பிணக்கும் அதற்குக் காரணமாம். எனினும், அணியிடம் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை அதற்கு முன்னரே தேய்ந்துபோயிற்று.

முன்னுரிமைத் தெரிவு கிடைக்கும் என்று கருதி வேண்டுமென்றே தோற்கும் வழக்கமும் சிலரிடம் தோன்றியது. அதனை ஒடுக்குதற்காகவே 2023 ஆம் ஆண்டுத் தெரிவு முதல் முதல் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் முறை புகுத்தப்பட்டது. அது தக்க செயலே. தோல்வியைத் தாங்குதல் வேறு. தோல்வியை விரும்புதல் வேறு. தோற்பதற்கென ஆடும் அணியிலே இளைஞன் கற்பது தோல்வியையேயாம்.

றோயல்ஸ் அணியும் மீண்டும் வீழ்ந்தது. 2023 இல் 106 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும், தான் தெரிந்தெடுத்து வளர்த்த பொபி விற் என்னும் இளைஞரை 2024 பெப்ரவரியில் 28 கோடி டொலருக்கு மேற்பட்ட பதினோராண்டு உடன்படிக்கையால் அது நிலைநிறுத்திக்கொண்டது. அவ்வாண்டிலேயே 86 ஆட்டங்களை வென்று இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதியும் பெற்றது.

எனவே, வறிய அணி உயர்தற்கு வேண்டுவன மூன்று: வளர்க்கும் பொறுமை, பிறர் காணாததைக் காணும் அறிவு, காலமறிந்து ஈயும் கை. முன்னைய இரண்டைப் பற்றிப் பேசுவோர் பலர். மூன்றாவதைப் பேசுவோர் சிலரே. மக்களிடம் பொறுமையை இரப்பவன் அப்பொறுமைக்குக் கடன்பட்டவன். மைதானம் சிறிதாயினும் தன் மாணவரை நம்பும் எந்நிலையத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். கல்லூரி பயிரை வளர்க்கும். காலத்தில் நீர் வார்க்கும் கடன் அதன் பழைய மாணவரைச் சாரும்.