கொள்கலவுந்து ஓட்ட ஆங்கிலம் எதற்கு?

1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளாரின் பெயர் பூண்டது மறைமலைநகர். அதனைக் கடந்து சிங்கப்பெருமாள்கோயிலில் திரும்பி, ஒரகடம் வழியே திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் சரக்குந்துகள் இரவு பகலாய் ஓடுகின்றன. என்பால் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அச்சாலையில் பேரெடை ஊர்தி ஓட்டுகின்றார். பத்தாண்டுகளில் ஒரு சிறு நேர்ச்சியும் அவரால் நிகழ்ந்ததில்லை. எரிநெய் ஏற்றும் கொள்கலவுந்து ஓட்டக் கருதிச் சென்ற அவரை, "ஆங்கிலம் எழுதப் படிக்க வருமா?" என்னும் ஒரே வினா திருப்பியனுப்பிவிட்டது.

சட்டம் யாது கூறுகின்றது? 1988-ஆம் ஆண்டின் இயக்கூர்திச் சட்டப்படி, பேரெடை வணிக ஊர்தி ஓட்ட அகவை 20 நிரம்ப வேண்டும். எடை குறைந்த ஊர்திக்கான உரிமத்தை ஓராண்டேனும் கொண்டிருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்ததை நடுவணரசு 2019-இல் நீக்கிவிட்டது. ஆகவே, ஐம்பது உயிர்களைச் சுமக்கும் பேருந்தை ஓட்டப் பள்ளிச் சான்றே வேண்டுவதில்லை. ஆனால், இடர்மிகு பொருள்களை ஏற்றிச் செல்வோர், அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும் என்கின்றது, 1989-ஆம் ஆண்டு நடுவண் இயக்கூர்தி நெறிமுறைகளின் ஒன்பதாம் நெறி. தமிழ் அப்பட்டியலில் உள்ளது. எனினும் தமிழ் மட்டும் போதாதாம்!

இதற்கொரு கரணியம் கூறுவர். கொள்கலத்தின்மேல் உள்ள எச்சரிப்பையும் ஓட்டுநரிடம் தரும் அறிவுரைத் தாளையும் படிக்கத் தெரியாதவர் ஊருக்கே தீங்கிழைத்துவிடுவர் என்பர். படிக்கத் தெரிதல் வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. அவற்றைத் தமிழில் தருவதற்கு என்ன தடை என்றே கேட்கின்றோம்.

கசிவு நேரின் முதலில் ஓடிவருவோர் யாவர்? வயலில் நிற்கும் உழவரும், சாலையோரத் தேநீர்க்கடைக்காரரும், காவலரும், தீயணைப்போரும் அல்லரோ? ஆங்கில எழுத்து அவர்களுக்கு என் சொல்லும்? ஓட்டுநர் ஒருவர் ஆங்கிலம் கற்பதால் ஊர் காப்புறாது. எச்சரிப்பு ஊரார் மொழியில் இருந்தால்தான் காப்புறும். பிற மாநிலம் செல்லும் ஊர்தியில் ஆங்கிலமும் இருக்கட்டும்; தமிழ்நாட்டுச் சாலையில் தமிழ் இல்லாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

எனவே, ஆங்கிலக் கட்டாயத்தை நீக்குமாறு நடுவணரசைத் தமிழ்நாட்டரசு வலியுறுத்த வேண்டும். எச்சரிப்பும் அறிவுரைத் தாளும் தமிழிலும் இருக்கச் செய்தல் வேண்டும். கைத்திறனை அளக்க ஆங்கிலம் அளவுகோலாகாது.

அடிகளார் பெயரை ஊர்ப்பலகையில் எழுதியதோடு நம் கடன் தீர்ந்துவிடவில்லை, தமிழன்பர்களே! அவ்வூர் வழியே செல்லும் கொள்கலத்தின்மேலும் தமிழ் ஏறுதல் வேண்டும்.