செவிக்குச் செலவிடத் தயங்கலாமா?

பிள்ளை பேசப் பிந்தினால், "தகப்பனும் பிந்தித்தான் பேசினவன்" என்று ஆறுதல் கூறிக்கொள்வது எமது ஊர்களின் வழக்கம். பிள்ளைக்குக் காது கேளாதிருப்பின், அவ்வாறு ஆறியிருக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் மொழியிலிருந்து கழியும் மாதமாகும். பிறந்து 1 மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையின் நிர்ணயம், 6 மாதத்துக்குள் பரிகாரம் என்பதே இன்று இத்துறை அறிஞர் வகுத்துள்ள விதி. அவ்விதியைச் செயலாக்க வேண்டியவர் செவிப்புலவியலாளர். அவருடைய உயர்கல்விக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

செவிப்புலன் மறுவாழ்வு வேண்டி நிற்போர் உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோர் என உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறியது. இவர்களுட் பிறவியிலேயே கேளாதோர் மட்டுமல்லர், முதுமையாலும் நோயாலும் இரைச்சலாலும் செவி குன்றியோரும் உளர். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் உழைப்பவரின் செவி காலப்போக்கிற் கெடும். உழவு இயந்திரத்தோடும் நீர் இறைக்கும் இயந்திரத்தோடும் வாழும் எமது கமக்காரர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 2009இல் முடிவுற்ற போரில் எறிகணைகளின் நடுவே வாழ்ந்த மக்களைப் பற்றி நாம் தனியே கூற வேண்டியதில்லை.

இத்தொழிலுக்கு மொழியோடு நெருங்கிய தொடர்பு உண்டு. கருவி எழுப்பும் ஒலியைக் கேட்டுக் கையுயர்த்த மொழி வேண்டாம். ஆனால் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று அறிவதற்குச் சொற்களைக் கூறி, அவற்றைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டல் வேண்டும். அச்சொற்கள் தாய்மொழியில் இல்லாவிடின், தவறியது செவியா, அறியாத மொழியா என்பதைத் தெளிதல் அரிது. 1956இல் தமிழுக்கு மறுக்கப்பட்ட ஆட்சிமொழித் தகுதி, 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் ஏட்டில் ஏறியது. அத்தகுதி படிவங்களோடு நின்று, பரிசோதனை அறைக்குள் நுழையாது போனால் அதனாற் பயன் யாது?

களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடம் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்தில் 4 ஆண்டுப் பட்டக் கல்வி அளிக்கின்றது. அதுவரை இலவசக் கல்வி கைகொடுக்கும். அதற்கப்பாற் பட்டமேற்படிப்பு நாடுவோர் பெரும்பாலும் தம் பணத்தையே நம்ப வேண்டியவராவர். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமோ பிரித்தானியப் பல்கலைக்கழகமோ எதுவாயினும் கட்டணம் வெளிநாட்டு நாணயத்திலேயே. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. பின்னர் ஓரளவு இறங்கியபோதிலும் பழைய நிலைக்கு மீளவில்லை. பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவை உண்டெனினும் அவை சிலருக்கே கிட்டும். ஏனையோர் காணியை ஈடு வைக்கின்றனர். அல்லது ஆசையையே கைவிடுகின்றனர்.

இதனை அரசாங்கத்தின் கருணைக்கு உரியதொரு காரியமாக நாம் கருதவில்லை. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26ஆம் உறுப்புரை, மறுவாழ்வுப் பணியாளரின் தொடக்கப் பயிற்சியையும் தொடர் பயிற்சியையும் வளர்க்குமாறு அரசுகளைப் பணிக்கின்றது. ஆகவே சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறையையும் கட்டணத்தையும் அரசு வழங்கல் வேண்டும். வடக்கு, கிழக்கு வைத்தியசாலைகளில் அதற்குரிய பதவிகளையும் முன்கூட்டியே உருவாக்கல் வேண்டும். பதவி இல்லாத நாட்டுக்குத் திரும்பி வா என்று எவரையும் அழைத்தல் நியாயமாகாது.

"படித்தவர் திரும்புவாரா?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. பலர் திரும்பவில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. அதற்குப் பரிகாரம் ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தத்தின் சுமை ஏழைத் தகப்பனின் காணிமீது விழலாகாது. எனவே நாம் முன்வைக்கும் யோசனை இது: எமது மக்கள் ஒரு நம்பிக்கை நிதியம் நிறுவுக. வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், புலம்பெயர்ந்தோர் ஆகியோர் ஆண்டுக்கு ஒருநாள் வருவாயை அதற்கு அளிப்பாராக. நிதியம் கட்டணத்தைக் கடனாகக் கொடுக்கட்டும். எமது பகுதிகளிற் பணியாற்றும் ஒவ்வோராண்டுக்கும் அக்கடனில் ஐந்திலொரு பங்கு தள்ளுபடியாகட்டும். 5 ஆண்டு பணிபுரிந்தவர் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இடையில் விலகுபவர் மீதியை மட்டும் கொடுப்பார். காணி ஈடு கேட்கப்படலாகாது. உறுதியை எழுதும் பொறுப்பை எமது சட்டத்தரணிகள் கூலியின்றி ஏற்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று மக்களும், மக்கள் செய்யட்டும் என்று அரசும் காத்திருக்கும் காலத்திற் குழந்தையின் 6 மாதம் கடந்துவிடும். எவ்வளவு வறுமையிலும் விதைநெல்லைக் காக்கும் கமக்காரருக்கு இவ்வுண்மையை நாம் விளக்க வேண்டியதில்லை. உரிமைக்குக் குரல் கொடுக்கும் இனம், தன் பிள்ளைகள் அக்குரலைக் கேட்பதற்கும் வழிசெய்தல் வேண்டும்.