கெட்டியும் கூழும்

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவுக்குச் சாயங்காலம் உலாவ வரும் பெரியவர் ஒருவர், அன்று பரிசோதனைக் குறிப்பு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"'அதிரோஸ்கிளிரோஸிஸ்' என்று எழுதியிருக்கிறது, சார். வயசானால் ரத்தக் குழாய் கெட்டிப்படத்தானே செய்யும்? நரை மாதிரி இதுவும் ஒன்று. இதற்கு மாத்திரை எதற்கு? நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

நேயர்களே, அவர் இரண்டு பெயர்களைக் குழப்பிக் கொண்டார். உங்கள் வீட்டிலும் யாரேனும் குழப்பிக் கொள்ளலாம் அல்லவா? அதனால் சொல்கிறேன்.

'ஆர்ட்டீரியோஸ்கிளிரோஸிஸ்' என்பது பொதுப் பெயர். இருதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களின் சுவர் தடித்து, நெகிழும் தன்மை போய்க் கெட்டிப்படுவதை எல்லாம் இது குறிக்கும். வயதோடு வருகிற கெட்டிப்பும் இதில் சேரும். அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும், அலட்சியம் கூடாது.

'அதிரோஸ்கிளிரோஸிஸ்' அதில் ஒரு வகை. மாமரம் எல்லாம் மரம்தான். மரம் எல்லாம் மாமரமாகுமா? 1904-ல் ஜெர்மானிய டாக்டர் மார்ஷாண்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். முதல் பாதிக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கூழ் என்று பொருள். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் வார்ப்பார்களே, அந்தக் கூழை நினைத்துக் கொள்ளுங்கள். குழாயின் உட்சுவருக்குள் கொழுப்பு அப்படிக் கொழகொழவென்று சேருகிறது. மேலே மெல்லிய மூடி. பாதை மெல்ல மெல்லக் குறுகும். ஒரு நாள் மூடி கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். இருதயக் குழாயில் அடைத்தால் மாரடைப்பு. மூளைக் குழாயில் அடைத்தால் பக்கவாதம்.

1975-ல் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் ஒரு பைபாஸ் ஆபரேஷன் செய்தார். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் இருதய பைபாஸ் என்று அதைச் சொல்வார்கள். கூழ் சேர்ந்து குறுகிய குழாயைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்று வழி போடுவதுதான் அந்தச் சிகிச்சை.

வயதை யாரும் நிறுத்த முடியாது. கூழ் சேருவதை மட்டுப்படுத்த முடியும். புகையிலையை அடியோடு விடவேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். நாள் தவறாமல் நடக்கவேண்டும். கொலஸ்டிராலுக்கு டாக்டர் தரும் மாத்திரை இதற்காகத்தான்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ராத்திரி மாத்திரையை மறக்காமல் போட்டுக் கொள்கிறேன், சார். அதற்கு முன்னால் இன்னும் ஒரு சுற்று வரலாமா?" என்றார்.